முதன்முறையாக ஓவர்கிளாக் செய்வோருக்கு: ரைசன் 5 5600-ஐ முன்வைத்து ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் என் கணினியின் பிராசஸரை ஓவர்கிளாக் செய்தபோது, அதாவது தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டியபோது, யாரோ தமது கணினிக்குப் பொருத்தியிருந்த எண்களை அப்படியே எடுத்து என் பயாஸில் (கணினி எழும்போது விண்டோஸுக்கு முன் ஓடும் அமைப்பு நிரலில்) இட்டேன். 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். கணினி எழுந்தது, விளையாட்டு ஓடியது, வேலை முடிந்தது என்று நம்பிவிட்டேன். மூன்று வாரங்கள் கழித்து, அந்த நாள்களில் சுருக்கிச் சேமித்திருந்த குடும்பப் படங்களின் ஜிப் கோப்புகளைத் திறக்க முயன்றபோது அவற்றுள் பாதி திறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் திரையே வரவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு போன கடையில் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்றார்கள்; பார்த்ததற்குக் கட்டணமாக எண்ணூறு ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் அதற்குத் தேவைப்பட்டது பத்து நொடியில் முடியும் சிமாஸ் கிளியர் (பயாஸ் அமைப்புகளை அழித்து இயல்புக்குத் திருப்புவது) என்பது பின்னர்தான் தெரிந்தது.

அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. நீங்களும் அப்படி எதையும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கணினி எழுவதை வைத்து ஓவர்கிளாக் வெற்றி பெற்றது என்று முடிவு செய்யாதீர்கள். அது பிழையின்றிக் கணக்கிடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அதைச் சோதித்து அறிவதற்கானவை.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸரும் பி550 மதர்போர்டும். வேறு பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும். படிகளின் வரிசை மாறாது.

1. உங்கள் கணினியில் இது இயலுமா, பயன் உண்டா என்று பாருங்கள்

ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலான பிராசஸர்கள் ஓவர்கிளாக் செய்யத் திறந்தே விடப்பட்டவை. 5800எக்ஸ்3டி ஒரு முக்கியமான விலக்கு. ஆனால் மதர்போர்டும் இடம் கொடுக்க வேண்டும். பி450, எக்ஸ்470, பி550, எக்ஸ்570 ஆகிய சிப்செட்டுகள் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகள்) இடம் கொடுக்கும். ஏ320, ஏ520 கொடுக்காது. இன்டெல் பக்கம் பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்து உள்ள பிராசஸரும் 'இசட்' என்று தொடங்கும் சிப்செட்டும் சேர்ந்திருக்க வேண்டும். பி660 போன்ற போர்டுகளில் ரேமின் வேகத்தைக் கூட்டலாமே தவிர, பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியைக் கூட்ட முடியாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்களில் மின்னழுத்தம் மிகுந்து நிலையின்மை ஏற்பட்டதும், 2024-இல் அதற்காக மைக்ரோகோடு (பிராசஸரின் உள்நிரல்) திருத்தங்கள் வெளியானதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவற்றை வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, ஓவர்கிளாக்கை மறந்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. மடிக்கணினியில் இதை முயலவே வேண்டாம்.

பயனைப் பற்றியும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரைசன் 5 5600-இன் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், தானாகவே 4.4 வரை ஏறக்கூடியது. என் கணினியில் எல்லாக் கோர்களும் (பிராசஸருக்குள் இருக்கும் ஆறு கணக்கிடும் அலகுகளும்) முழுச் சுமையில் இருக்கும்போது இயல்பாகவே 4.3 அளவில் ஓடியது. ஓவர்கிளாக்கிற்குப் பின் 4.6-ஐ எட்டினேன். திறனை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளில் 10,900 என்றிருந்த மதிப்பெண் 11,650 ஆனது, அதாவது ஏறத்தாழ ஏழு சதவீதம். வீடியோ வெட்டுபவருக்கும் நிரல் தொகுப்பவருக்கும் இது சில நிமிடங்களை மிச்சப்படுத்தும். கிராஃபிக்ஸ் கார்டின் திறனால் கட்டுண்ட விளையாட்டுகளில் ஒரு வேறுபாடும் தெரியாது. இந்த ஏழு சதவீதத்துக்காக இரண்டு வார இறுதிகளைச் செலவிட உங்களுக்கு விருப்பமிருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

2. ஆவணங்களை முதலில் திரட்டுங்கள்

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் ஐந்து தாள்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

முதலாவது, பிராசஸர், மதர்போர்டு, ரேம் ஆகியவற்றின் பில்லும் பெட்டியும். பெட்டியில் வரும் ரைசன் பிராசஸர்களுக்கு மூன்றாண்டு வாரண்டி உண்டு. ஆனால் நிர்ணயிக்கப்பட்ட அளவுக்கு மேல் வேகத்தையோ மின்னழுத்தத்தையோ கூட்டியதால் நேரும் சேதம் அதில் அடங்காது. ஏஎம்டியே தரும் மென்பொருளைக் கொண்டு செய்தாலும் இதுவே விதி. இதை ஏற்றுக்கொள்ள மனமில்லாதவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். அதில் தவறேதும் இல்லை.

இரண்டாவது, உங்கள் மதர்போர்டின் கையேடு. தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கி, செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி எழாதபோது கணினியிலுள்ள கையேட்டைப் படிக்க இயலாது. அதில் சிமாஸ் கிளியர் ஜம்பர் (அதற்கான இரண்டு ஊசிகள்) எங்கிருக்கிறது என்ற பக்கத்தை இப்போதே குறித்துவையுங்கள்.

மூன்றாவது, பிட்லாக்கர் மீட்புச் சாவி. இதைப் பலரும் அறிவதில்லை. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸைப் புதுப்பித்தாலோ அமைப்புகளை அழித்தாலோ அடுத்த முறை கணினி எழும்போது 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கக்கூடும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பவற்றை எவராலும் மீட்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.

நான்காவது, இப்போதுள்ள பயாஸ் திரைகள் ஒவ்வொன்றின் புகைப்படம். செல்பேசியில் எடுத்தாலே போதும். ஐந்தாவது, ஒரு குறிப்பேடு. தேதி, அறையின் வெப்பநிலை, பெருக்கி, மின்னழுத்தம், அதிகபட்ச வெப்பம், மதிப்பெண், விளைவு என்று ஏழு பத்திகள் கோடிட்டுக்கொள்ளுங்கள். முதல் முயற்சியில் நான் எதையும் எழுதிவைக்கவில்லை. எந்த மாற்றத்தால் எது கெட்டது என்று அறிய வழியே இல்லாமல் போயிற்று.

இவற்றோடு, முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். சோதனை முழுவதும் முடியும்வரை அதை மீண்டும் இணைக்கக் கூடாது. நிலையற்ற கணினி நகலெடுக்கும் கோப்பு பழுதாக நகலாகக்கூடும். என் படங்கள் போனது அப்படித்தான்.

3. செலவைக் கணக்கிடுங்கள்

பெரிய செலவு கூலர்தான். 5600-இன் பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் இயல்பு வேகத்துக்குப் போதும். அதற்கு மேல் போதாது. நான்கு வெப்பக்குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட கோபுர வடிவக் கூலரை நான் சென்னை ரிச்சி தெருவில் சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். உங்கள் கேபினெட்டின் அகலத்துக்குள் அதன் உயரம் அடங்குமா என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்த பின்னரே வாங்குங்கள். பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட்டுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் ஆகும். வீட்டில் யூபிஎஸ் இல்லையென்றால் மூவாயிரம் ரூபாயளவில் ஒன்று வாங்கத்தான் வேண்டும். பயாஸைப் புதுப்பிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் மதர்போர்டே பயனற்றதாகிவிடக்கூடும். சோதனை மென்பொருள்களுக்குச் செலவில்லை.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முழுச் சுமையில் 25 வாட் கூடினாலும், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று கொண்டால் மாதத்துக்கு நான்கு யூனிட்டுக்கும் குறைவாகவே ஏறும்.

மதர்போர்டை மட்டும் கூர்ந்து பாருங்கள். பிராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் விஆர்எம் பகுதியின்மேல் அலுமினிய வெப்பக்கடத்தி இல்லாத மலிவான போர்டு உங்களுடையதாக இருந்தால், ஓவர்கிளாக்கைக் கைவிடுங்கள். பிராசஸர் குளிர்ந்திருந்தாலும் அந்தப் பகுதி கொதிக்கும்.

4. கூலரை மாற்றுங்கள்

இந்த ஒரு வேலையில்தான் பொருள் உடையும் ஆபத்து கண்கூடாக இருக்கிறது. ஏஎம்4 சாக்கெட்டில் 1331 ஊசிகள் பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. பழைய பேஸ்ட் இறுகியிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட் பூட்டியிருந்தாலும் பிராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும், ஊசிகள் வளையும். அதனால் கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் சுமையில் ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றியபின் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடிப்பு தளர்ந்ததை உணர்ந்த பிறகே தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். புதிய பேஸ்ட் பட்டாணி அளவு போதும். புதிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று இருமுறை பாருங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்; அவசரப்படாதீர்கள்.

5. இயல்பு நிலையை அளந்து எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், கணினி இப்போது எப்படி இருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும். வெப்பத்தையும் வேகத்தையும் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ64, சுமை ஏற்ற சினிபெஞ்ச் ஆர்23, கடுஞ்சோதனைக்கு பிரைம்95 அல்லது ஓசிசிடி, ரேமுக்கு மெம்டெஸ்ட்86 ஆகியவற்றை அவற்றின் அதிகாரபூர்வத் தளங்களிலிருந்து இறக்குங்கள்.

ரேமை அதன் தயாரிப்பாளர் குறித்த கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இப்போதைக்கு அணைத்துவிடுங்கள். ஆசுஸ் போர்டுகளில் இதன் பெயர் டிஓசிபி. அணைத்தால் ரேம் 2133, 2400, 2666 போன்ற இயல்பு வேகம் ஒன்றில் ஓடும், ஓடட்டும். பிராசஸரையும் ரேமையும் ஒரே நேரத்தில் மாற்றினால், தவறு நேரும்போது குற்றவாளி எது என்று கண்டறிய முடியாது.

பிறகு சினிபெஞ்சைப் பத்து நிமிடச் சோதனையாக மூன்று முறை ஓட்டி, மதிப்பெண்ணையும் அதிகபட்ச வெப்பத்தையும் குறியுங்கள். இயல்பு நிலையிலேயே வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் கூலர் சரியாக அமரவில்லை. நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

அறையின் வெப்பநிலையையும் தவறாமல் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அறை பத்து டிகிரி சூடானால் பிராசஸரும் ஏறத்தாழ அதே பத்து டிகிரி கூடுதலாகச் சூடாகும். குளிரூட்டிய அறையிலும் மார்கழி இரவிலும் செய்த சோதனை, சித்திரை நண்பகலில் மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்குச் செல்லாது. கணினி வழக்கமாக எங்கே, எப்போது இயங்குமோ அங்கேயே சோதியுங்கள். குளிர்காலத்தில் செய்பவர்கள் பத்து, பன்னிரண்டு டிகிரி இடைவெளி விட்டுவையுங்கள்.

6. பயாஸில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

பிராசஸரின் வேகம் என்பது அடிப்படைக் கடிகாரமான 100 மெகாஹெர்ட்ஸைப் பெருக்கியால் பெருக்கியது. பெருக்கி 45 என்றால் 4500 மெகாஹெர்ட்ஸ். பெருக்கியை மட்டும் மாற்றுங்கள். அடிப்படைக் கடிகாரத்தைத் தொட்டால் வட்டு, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் இணைப்புகளின் வேகமும் சேர்ந்து மாறி, வட்டிலுள்ள தரவே பழுதாகலாம்.

அடுத்தது பிராசஸரின் கோர் மின்னழுத்தம். 'ஆட்டோ' என்று விட்டுவிட்டுப் பெருக்கியை மட்டும் கூட்டுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சில போர்டுகள் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைத் தாமாகவே ஏற்றிவிடும். ஒரே சொடுக்கில் ஓவர்கிளாக் செய்து தருவதாகச் சொல்லும் வசதிகளிலும் இதே குறை உண்டு. மின்னழுத்தத்தை 'மேனுவல்' என்று மாற்றி, எண்ணை நீங்களே இடுங்கள். இட்டபின் இலக்கங்களை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

எவ்வளவு வரை போகலாம்? எல்லாக் கோர்களும் நிலையாகச் சுமந்திருக்கும் நிலையில் 1.30 வோல்ட்டை உங்கள் உச்ச வரம்பாகக் கொள்ளுங்கள். இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். இயல்பு நிலையில் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைப் பார்த்தால் சில கணங்களில் 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 'இயல்பிலேயே இவ்வளவு போகிறதே, நானும் 1.4 வைக்கலாமே' என்று தோன்றும். நான் அப்படித்தான் எண்ணினேன். அந்த 1.4 என்பது ஓரிரு கோர்கள் இலகுவான வேலையில் நொடிப்பொழுது பாயும்போது, மின்னோட்டம் குறைவாக இருக்கையில், பிராசஸரே தன் கணக்கில் எடுத்துக்கொள்வது. அதே அழுத்தத்தை ஆறு கோர்களுக்கும் மணிக்கணக்கில் கொடுப்பது முற்றிலும் வேறு செயல்.

வெப்பம் ஏன் இவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். செலவாகும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 4.4-இலிருந்து 4.6-க்குப் போவது நாலரை சதவீத வேகம்தான். அதற்காக 1.20 வோல்ட்டை 1.30 ஆக்கினால் மின்திறன் சுமார் 23 சதவீதம் கூடும். கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் விலை எப்போதும் மிக அதிகம்.

எல்எல்சி என்று ஓர் அமைப்பு இருக்கும். சுமை ஏறும்போது மின்னழுத்தம் சற்றுத் தாழும். அந்தத் தாழ்வை எவ்வளவு ஈடுசெய்வது என்பதை இது தீர்மானிக்கிறது. நடுநிலையில் வையுங்கள். ஆசுஸ் போர்டுகளில் எண் கூடக் கூட ஈடுசெய்யும் வலிமை கூடும். எம்எஸ்ஐ, ஆஸ்ராக் போர்டுகளிலோ 1 என்பதே மிக வலியது. ஒன்றைப் படித்துவிட்டு மற்றதில் இட்டால் நீங்கள் எண்ணியதற்கு நேரெதிர் நடக்கும். உங்கள் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

இன்னொன்று: சில பயாஸ்களில் பெருக்கி, மின்னழுத்தம் ஆகியவை இரண்டு இடங்களில் இருக்கும், போர்டு தயாரிப்பாளரின் பட்டியில் ஒன்று, ஏஎம்டியின் ஓவர்கிளாக் பட்டியில் மற்றொன்று. ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். ரைசன் மாஸ்டர் மென்பொருளையும் உடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எஸ்ஓசி மின்னழுத்தம், ரேமின் உள்நேரங்கள் முதலியவற்றை முதல் முயற்சியில் தொடவே வேண்டாம்.

7. ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள்

பெருக்கி 44, மின்னழுத்தம் 1.20 என்று தொடங்குங்கள். சேமித்து, விண்டோஸுக்குள் வந்து, சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தேறினால் பெருக்கியை 0.5 கூட்டி மறுபடி ஓட்டுங்கள். கணினி உறைந்தாலோ, நீலத்திரை வந்தாலோ, சினிபெஞ்ச் பாதியில் மூடிக்கொண்டாலோ, அதே பெருக்கியில் மின்னழுத்தத்தை 0.0125 வோல்ட் கூட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிய பிறகே அடுத்தது. ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் என்று கொண்டால் ஒரு மாலைப்பொழுதில் பத்துச் சுற்றுகள் முடியும்.

மூன்றில் எது முதலில் வந்தாலும் நிறுத்திவிடுங்கள்: மின்னழுத்தம் 1.30-ஐ எட்டுவது, வெப்பம் 85 டிகிரியைத் தொடுவது, அடுத்த 50 மெகாஹெர்ட்ஸுக்கு 0.05 வோல்ட்டுக்கு மேல் கேட்பது. இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி குறித்திருக்கும் உச்ச வெப்பம் 90 டிகிரி. இயல்பு அமைப்பில் அதை எட்டினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெருக்கியை நீங்களே கட்டியபின் அந்தக் காப்பை நம்பியிருக்காதீர்கள்.

எண் ஏறியும் மதிப்பெண் இறங்கினால் அதைப் பொருட்படுத்துங்கள். மின்னழுத்தம் போதாதபோது பிராசஸர் உறையாமலேயே தன் கடிகாரத் துடிப்புகளை நீட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடும். 4.6 என்று திரை காட்டும். ஆனால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற வரியைப் பார்த்தால் அதைவிடக் குறைவாக இருக்கும். வேகத்தை நம்பாமல் மதிப்பெண்ணை நம்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரே மாதிரிப் பிராசஸர்கள் இரண்டு ஒரே அளவுக்கு ஏறுவதில்லை. சிலிக்கான் தகட்டிலேயே சிறு வேறுபாடுகள் உண்டு. என்னுடையது 4.6-க்கு 1.275 வோல்ட் கேட்டது. உங்களுடையது 4.5-இலேயே நின்றுவிடலாம். அதில் உங்கள் தவறு ஏதுமில்லை. மற்றவரின் எண்ணை எட்டுவதற்காக மின்னழுத்தத்தை ஏற்றாதீர்கள்.

8. திரை வராமல் போனால்

பதற வேண்டாம், பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. முதலில் ஐந்து நிமிடம் காத்திருங்கள். பல போர்டுகள் சில முறை முயன்று தோற்றபின் தாமாகவே இயல்பு அமைப்புக்குத் திரும்பும். திரும்பவில்லையென்றால் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கையேட்டில் குறித்துவைத்த சிமாஸ் கிளியர் ஊசிகள் இரண்டையும் திருப்புளி முனையால் பத்து நொடி இணையுங்கள். ஊசிகள் எட்டாத இடத்திலிருந்தால் மதர்போர்டிலுள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டலாம். கணினி எழும், பிட்லாக்கர் சாவி கேட்டால் தாளில் எழுதியதை இடுங்கள். இதைச் செய்துபார்க்காமல் எந்தக் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

9. நிலைத்தன்மையைச் சோதியுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் படி இதுதான். பத்து நிமிட சினிபெஞ்ச் ஒரு வடிகட்டி மட்டுமே.

முதல் இரவு பிரைம்95-ஐ ஓடவிடுங்கள். 'ஸ்மால் எஃப்எஃப்டி' என்ற தேர்வு மிகக் கடுமையான வெப்பத்தை உண்டாக்கும். முதல் பத்து நிமிடம் அருகிலேயே இருந்து 90 டிகிரியைத் தொடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், தொட்டால் உடனே நிறுத்தி ஒரு படி இறங்குங்கள். ஒரு மணி நேரம் அதை ஓட்டியபின் 'பிளெண்ட்' தேர்வுக்கு மாற்றி விடியும்வரை விடலாம். பிரைம்95-இன் சிறப்பு என்னவென்றால், அது விடை தெரிந்த கணக்குகளைப் போட்டுத் தன் விடையைச் சரிபார்க்கிறது. கணினி உறையாமல் இருந்தாலும், ஒரு கணக்கு பிசகினால் வட்டமாக்கலில் 0.5 வந்தது, 0.4-க்குக் குறைவாக வந்திருக்க வேண்டும் என்று அறிவித்து அந்தக் கோரின் வேலையை நிறுத்திவிடும். என் முதல் ஓவர்கிளாக்கை இதில் ஓட்டியிருந்தால் நான்கு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பிற்பாடு அதே எண்களை இட்டுச் சோதித்தபோது நான்காம் நிமிடத்தில்தான் பிழை வந்தது. வெளியே எந்த அறிகுறியும் இல்லை, திரை அப்படியே இருந்தது, பாட்டுகூட நிற்கவில்லை.

பிழை வந்தால் 0.0125 வோல்ட் கூட்டுங்கள். அல்லது, நான் பரிந்துரைப்பது போல, பெருக்கியை 0.5 குறையுங்கள்.

காலையில் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, 'சிஸ்டம்' பதிவுகளில் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஈவன்ட் எண் 18 என்றால் திருத்த முடியாத பிழை. 19 என்றால் வன்பொருளே திருத்திக்கொண்ட பிழை. திருத்திக்கொண்டதுதானே என்று 19-ஐ விட்டுவிடாதீர்கள். ஒன்று இருந்தாலும் அந்த அமைப்பு நிலையற்றது.

இரண்டாம் இரவு ரேமுக்கு. எக்ஸ்எம்பியை இப்போது இயக்கி, மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவிலிருந்து ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகள் வரை ஓடும். 16 ஜிபி ரேமுக்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. இதன்பின் பிரைம்95-இன் 'பிளெண்ட்' சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். ரேம் வேகமானபின் பிராசஸர் முன்பு தேறிய இடத்தில் தேறாமல் போவதுண்டு.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் கணினியை வழக்கம்போல் பயன்படுத்துங்கள். கழற்றி வைத்த வெளிவட்டை அந்த வாரம் முடிந்த பின்னரே இணையுங்கள். தேர்வு நாள், அலுவலகக் கெடு, திருமண வீடியோவை முடித்துக் கொடுக்க வேண்டிய வாரம் ஆகியவற்றை ஒட்டி இவற்றில் எதையும் தொடங்காதீர்கள்.

10. தேறிய அமைப்பைச் சேமியுங்கள்

பயாஸில் 'புரொஃபைல்' என்ற பகுதியில் அமைப்பைச் சேமிக்கலாம். ஆனால் பயாஸைப் புதுப்பித்தால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடுவது வழக்கம். எனவே ஒவ்வொரு திரையையும் மறுபடி புகைப்படம் எடுத்துவையுங்கள். பயாஸைப் புதுப்பித்தபின் பழைய எண்களை அப்படியே இட்டுவிட்டுச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

11. அடுத்த கட்டம்: பிபிஓவும் கர்வ் ஆப்டிமைசரும்

நிலையான பெருக்கியில் ஒரு குறை உண்டு: எல்லாக் கோர்களும் ஒரே வேகத்தில் கட்டப்பட்டுவிடுவதால், ஓய்வில் இருக்கும்போதும் மின்னழுத்தம் இறங்காமல் நிற்கும். ரைசன் 5000 பிராசஸர்களுக்கு பிபிஓ என்ற வழி இதைவிட நயமானது. பெருக்கியை ஆட்டோவில் விட்டு, மின்வரம்புகளை மட்டும் உயர்த்துவது அது. 5600-க்கு இயல்பான வரம்புகள் மின்திறனுக்கு 76 வாட், நீடித்த மின்னோட்டத்துக்கு 60 ஆம்பியர், நொடிப்பொழுது உச்ச மின்னோட்டத்துக்கு 90 ஆம்பியர். கூடவே கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் எதிர்மறை எண் ஒன்றை, 30 வரை, இடலாம்; ஓர் அலகு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைப்பு. அழுத்தம் குறைந்தால் வெப்பம் குறையும், வெப்பம் குறைந்தால் பிராசஸர் தானே மேலும் ஏறும்.

அப்படியானால் இதிலேயே தொடங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தொடங்கலாம், ஆனால் இங்கே பிழை கண்டறிவது கடினம். முழுச் சுமையில் எல்லாம் நன்றாக இருக்கும். நீங்கள் எழுந்து தேநீர் குடிக்கப் போன நேரத்தில், கணினி சும்மா இருக்கும்போது, தானே அணைந்து எழும். ஏனென்றால் ஓரிரு கோர்கள் உச்ச வேகத்துக்குத் தாவும் இலகுவான வேலையில்தான் குறைக்கப்பட்ட அழுத்தம் போதாமல் போகிறது. இதைப் பிடிக்க, ஒவ்வொரு கோராகச் சுமை ஏற்றும் கோர்சைக்ளர் என்ற கருவியை ஓர் இரவு முழுவதும் ஓட்ட வேண்டும். அணைந்து எழுந்திருந்தால் ஈவன்ட் 18-இல் ஏபிஐசி எண் ஒன்று பதிவாகியிருக்கும்: 0, 1 என்றால் முதல் கோர், 2, 3 என்றால் இரண்டாவது, இப்படியே மேலே. அந்தக் கோரின் எண்ணை மட்டும் ஐந்து அலகு தளர்த்துங்கள். எல்லாக் கோர்களுக்கும் எதிர்மறை 10 என்று தொடங்கி, தேறினால் 15, 20 என்று போங்கள். 30-ஐ எடுத்த எடுப்பில் இடாதீர்கள்.

என் கணினி இப்போது இந்த முறையில்தான் ஓடுகிறது: நான்கு கோர்களுக்கு எதிர்மறை 20, மற்ற இரண்டுக்கு 10, வெப்ப வரம்பு 80 டிகிரி. சினிபெஞ்ச் மதிப்பெண் நிலையான 4.6-இல் கிடைத்ததைவிட நூற்றைம்பது குறைவு. கோடை நண்பகலில் வெப்பம் ஒன்பது டிகிரி குறைவு. குறிப்பேட்டில் இந்த வரியை எழுதிய பிறகு ஈவன்ட் வியூவரில் 18, 19 என்று ஒரு பதிவும் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்கிறேன்.